காம்புள்ள பூ, காம்பில்லாத பூ

அந்தப் படத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு சமையல் மேடை, அதன்மேல் விரித்த தெலுங்குப் பேப்பர், பேப்பர்மேல் அன்று காலை என் அக்கா கட்டிக் கொடுத்த பொன்னாங்கண்ணிக் கீரை. கட்டிய வாழைநாரைக்கூட அவிழ்க்கவில்லை. கீழே எங்கள் சபை மூப்பர் எழுதியிருந்தார்: “சகோதர சகோதரிகளே, எச்சரிக்கை. நாம் வாங்கும் இந்தக் கீரை பொன்னாங்கண்ணி அல்ல. அல்லிகேட்டர் வீட் என்னும் சாக்கடைச் செடி. போனில் செடி பார்க்கும் ஆப்பில் சோதித்து உறுதி செய்தேன். ஜெபத்துடன் பகிரவும்.”

ஜெபத்துடன் பகிர்ந்தார்கள். நான் திருப்பதியில் ஒரு டிகிரி கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். முதல் வகுப்பை முடித்துவிட்டுப் போனைப் பார்ப்பதற்குள் அந்தப் படம் சபைக் குழுவைத் தாண்டி, பெண்கள் ஐக்கியக் குழு, ஞாயிறுபள்ளி ஆசிரியர் குழு என்று போய், என் மாணவி ஒருத்தியின் அம்மா வழியாக எனக்கே திரும்பி வந்திருந்தது. “மேடம், இது நிஜமா?” என்று கேட்டிருந்தார்கள்.

அக்கா சந்திரகிரிக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்குக் கீழே குத்தகைக் கழனியில் கீரை போடுகிறாள். அவள் கணவர் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், இடுப்பு விழுந்து வீட்டோடு இருக்கிறார். அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்தக் கீரையில்தான். விடிந்தும் விடியாமலும் அறுத்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றித் திருப்பதிக்குக் கொண்டுவருவாள். சபைக்காரர்கள் வீடுகளுக்குக் கொடுத்ததுபோக மிச்சத்தை மூப்பர் குடியிருக்கும் அபார்ட்மெண்ட் கேட் ஓரமாக உட்கார்ந்து விற்றுவிட்டுப் போவாள். மூப்பர் பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டுக்கு மட்டும் படியேறிப் போய்க் கொடுப்பாள். மரியாதைக்காக.

அன்று மாலை கல்லூரி விட்டதும் அபார்ட்மெண்ட் கேட்டுக்குப் போனேன். கூடை பாதிக்குமேல் நிறைந்திருந்தது. கீரை வெயிலில் துவண்டு போயிருந்தது. அக்கா அழவில்லை. அவள் அழும் ஜாதி இல்லை.

“இன்னாடி இது? நான் இன்னா சாக்கடையில பூந்து அறுத்துக்கினு வந்தேனா? கழனியில மொதலை வளக்கறியாமேன்னு கேக்கறா ஒருத்தி. இளிச்சிக்கினு கேக்கறா.”

“அக்கா, அல்லிகேட்டர்னா மொதலை. அது செடியோட பேரு. அமெரிக்காக்காரன் வச்சது.”

“எவன் வச்சா எனக்கின்னா? என் கீரைக்கு எதுக்குடி அந்தப் பேரு?”

நியாயமான கேள்வி. பதில் எனக்குத் தெரியும் என்பதுதான் என் எரிச்சலை இன்னும் கிளப்பியது. இந்த இரண்டு செடிகளையும் பிரித்துக் காட்டுவது வருஷாவருஷம் நான் வகுப்பில் செய்கிற காரியம். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். இரண்டும் ஈரத்தில் படரும், கணுவுக்குக் கணு வேர் விடும், கணுவுக்கு இரண்டு இலை எதிரெதிராக வரும். இளசாக இருக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அக்கா தங்கச்சியைப் பார்த்து மாற்றிக் கூப்பிடுவதுபோல யாரும் மாற்றிக் கூப்பிடலாம். பூ வந்துவிட்டால் பேச்சே இல்லை. பொன்னாங்கண்ணிப் பூவுக்குக் காம்பு கிடையாது. இலை தண்டோடு சேரும் மூலையில் சின்ன வெள்ளை உருண்டையாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மற்றதன் பூ விரல்நீளக் காம்பெடுத்து, இலையை விட்டு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் முற்றிய தண்டைக் கிள்ளினால் உள்ளே குழாய்போல வெறுமையாக இருக்கும்.

ஆனால் அக்காவின் கட்டில் பூவும் இருக்காது, முற்றிய தண்டும் இருக்காது. மொட்டு வருவதற்கு முன்னாலேயே நுனியை அறுத்துவிடுவாள். பூத்த கீரையைக் கட்டில் வைத்துக் கொடுப்பது அவளுக்கு மானக்கேடு. அவள் கீரை இளசு என்றுதான் ஆட்கள் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்து வாங்கினார்கள். அந்த இளசுதான் இப்போது அவளுக்கு வினையாகிவிட்டது. அவளுக்குச் சாட்சி சொல்ல வேண்டிய பூவை அவளே தினமும் வராமல் செய்துகொண்டிருந்தாள்.

குழுவில் நான் எழுதினேன். இலையை மட்டும் பார்த்து, அதுவும் ஒரு போட்டோவில், இந்த இரண்டையும் யாராலும் பிரிக்க முடியாது, என்னாலும் முடியாது, பூ வேண்டும் என்று தமிழிலும் தெலுங்கிலும் விளக்கமாக எழுதினேன். மூப்பர் பதிலுக்கு ஆப்பின் திரையைப் படம் பிடித்துப் போட்டார். அதில் பச்சைக் கோடு ஒன்று முக்கால்வாசிக்குமேல் நிரம்பியிருந்தது. “மேடம், கோடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள்” என்று எழுதி, கைகூப்பும் பொம்மை ஒன்றையும் வைத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். என் படிப்பு, என் வேலை, நான் மண்டியிட்டுப் பார்த்த குளம் குட்டைகள் எல்லாம் அந்தப் பச்சைக் கோட்டுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிருந்தன.

எல்லாரும் அவரை நம்பிவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆன நர்சம்மா ஒருவர், “போனு ஆயிரம் சொல்லும், நீ எப்பவும்போல எனக்குக் கொண்டாம்மா” என்று அக்காவிடம் தொடர்ந்து வாங்கினார். அவரைப்போல இன்னும் சில வீடுகள் இருந்தன. கூடையில் பாதி போயிற்று, பாதி திரும்பியது. பாதியில் குடும்பம் நடக்காது.

அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சபை சின்னது. விடியற்காலையில் எங்கள் தமிழ் ஆராதனை, பிறகு அதே கோயிலில் தெலுங்குக்காரர்களின் ஆராதனை. அறுப்பின் பண்டிகை அன்று மட்டும் எங்களுக்கு நேரம் விட்டுக் கொடுப்பார்கள். அவரவர் கழனியிலும் வீட்டிலும் விளைந்ததை, செய்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். ஒரு பூசணிக்காயைப் போட்டி போட்டுக்கொண்டு ஏற்றி, கடைத்தெருவில் கனவிலும் கிடைக்காத விலைக்கு எடுப்பார்கள். யாருடைய காணிக்கையை எவ்வளவு ஆசையாக எடுக்கிறார்கள் என்பதில் அவர்களுக்குச் சபையில் இருக்கும் இடம் தெரிந்துவிடும். யாரும் வாயால் சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அக்கா ஒவ்வொரு வருஷமும் ஒரு பெரிய கீரைக்கட்டு வைப்பாள். அதற்கு எப்போதும் போட்டி இருக்கும்.

“அக்கா, ஒரு ரெண்டு பாத்தியை அறுக்காம வுடு. பூ வரட்டும். பூவோட கட்டி எடுத்துக்கினு வா. ஏலத்துல எல்லாரும் கண்ணால பாக்கட்டும்” என்றேன்.

“பூ வுட்டா அது கீரையாடி? முத்திப்போனதை மாடுகூட மொகர்ந்துட்டுப் பூடும்.”

“துன்றதுக்கு இல்ல. காட்டறதுக்கு.”

“கோயிலுக்கு முத்தின கீரை எடுத்துக்கினு போவச் சொல்றியா? நைனா இருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு” என்றாள். ஆனால் விட்டாள். மதகுக்கு மேல்பக்கமிருந்த பாத்தியிலும், கால்வாய் ஓரம் இருந்த கீழ்ப்பாத்தியிலும் அரிவாள் வைக்கவில்லை. வருமானம் போவது அவளுக்கு வலித்திருக்கும்.

பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை பிற்பகல் நான் லென்ஸை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனேன். மேல்பாத்தியில் குனிந்து முதல் செடியைத் தூக்கினேன். இலை மூலையில் வெள்ளை உருண்டை, காம்பே இல்லை. அடுத்த செடியிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த மூப்பரின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா வரப்பில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “நான் சொன்னா ஆவாது, இது சொன்னாத்தான் ஆவும்போல” என்று பூவைக் காட்டிச் சிரித்தாள்.

பிறகு கீழ்ப்பாத்திக்கு இறங்கினேன்.

வரப்பிலிருந்தே தெரிந்தது. லென்ஸ் தேவைப்படவில்லை. பச்சைக்குமேல் வெள்ளைப் பூக்கள் காம்பெடுத்து, என்னைப் பார் என்று நின்றன. தண்டைக் கிள்ளினேன், குழாய். இன்னொன்றைக் கிள்ளினேன், அதுவும் குழாய். நடுநடுவே நல்ல பொன்னாங்கண்ணியும் இருந்தது, காம்பில்லாத பூவோடு. இரண்டும் பின்னிப் பிணைந்து, ஒன்றின் வேரில் மற்றது ஏறிக்கிடந்தது. அந்த ஆப் சொன்னது குருட்டாம்போக்காக இருக்கலாம். ஆனால் மூப்பர் வீட்டுக்குப் போன கட்டில் இது இருந்திருக்கும். எனக்கு அந்த நிமிஷம் யார்மேல் கோபம் கொள்வது என்றே தெரியவில்லை. செடிமேல்கூட வந்தது.

“இது எப்ப வந்துதுக்கா?”

“எது? எல்லாம் ஒண்ணுதானே. போன மழைக்கு செருவு வழிஞ்சி கீழ்ப்பாத்தில சேறு அடிச்சிட்டுப் பூட்ச்சி. அதுக்கப்புறம் நல்லா தளதளன்னு வந்துச்சி. கர்த்தர் குடுத்தாருன்னு அறுத்தேன்.”

செருவு என்றால் ஏரி. ஏரித் தண்ணீரோடு ஒரு கணு மிதந்து வந்தால் போதும் இந்தச் செடிக்கு. விதை வேண்டாம், யாரும் நட வேண்டாம். நான் ஏரிக்கரை ஏறிப் பார்த்தேன். ஓரம் முழுக்க அதுதான், தண்ணீர்மேல் மெத்தை போட்டதுபோல. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கரைமேல் ஒரு டேங்கர் லாரி வந்து பின்பக்கமாகத் திரும்பியது. டிரைவர் இறங்கி, தடித்த குழாயை ஏரிக்குள் இறக்கி, வால்வைத் திறந்தான். அந்த நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை. செப்டிக் டேங்க் லாரி. பட்டப்பகலில், யாருக்கும் பயப்படாமல்.

நான் கத்திக்கொண்டே ஓடினேன். அவன் நிதானமாகத் தெலுங்கில் சொன்னான்: “மாகேமி தெலுசு மேடம்? ஓனர் இக்கடே வதலமன்னாரு.” எங்களுக்கு என்ன தெரியும், முதலாளி இங்கேதான் விடச் சொன்னார் என்று. எந்த வீட்டுத் தண்ணீர் இது என்று கேட்டேன். டவுனில் டிரெய்னேஜ் இல்லாத அபார்ட்மெண்ட்கள் எல்லாம் எங்கள் கஸ்டமர்தான் என்று பெருமையாக ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தான். அதில் மூப்பரின் அபார்ட்மெண்ட்டும் இருந்தது.

இந்தத் தண்ணீர் அந்தச் செடிக்கு விருந்து. தண்ணீரில் என்னென்ன அசிங்கம் இருக்கிறதோ அதையெல்லாம் இழுத்துக்கொண்டு கொழுக்கும். மாடியில் இருப்பவர்கள் தண்ணீரை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கீழே ஒருத்தி அந்தச் சேற்றில் நின்று கீரை அறுக்கிறாள். அப்புறம் அவள் கீரையைப் போட்டோ பிடித்து, சாக்கடை என்று எழுதி, ஜெபத்துடன் பகிர்கிறார்கள். இறங்கி வந்ததும் நான் திட்டிய வார்த்தைகளைக் கேட்டு அக்காவே வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் மண்வெட்டியை எடுத்தாள். இருட்டும்வரை இரண்டு பேரும் கீழ்ப்பாத்தி முழுவதையும் வேரோடு பிடுங்கிக் கரையில் காயப்போட்டோம். ஒரு கணுக்கூட மண்ணில் தங்கக் கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதனால் நல்லதும் சேர்ந்து போயிற்று. எனக்குக் கை எரிந்தது. அவள் கையைப் பற்றி நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது சொன்னாள்: “புடுங்கியாச்சி. முடிஞ்சிது. நாளைக்கி மேல்பாத்திக் கட்டு ஒண்ணு எடுத்துக்கினு வரேன். பூவைப் பாத்துக்கினு போவட்டும். நீ வேற ஒண்ணும் பேசாத.”

பண்டிகை அன்று பந்தலில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. சித்தூர் வெல்லம் ஓர் உருண்டை நல்ல விலைக்குப் போயிற்று. வேர்க்கடலை மூட்டை போயிற்று. சேவல் ஒன்று ஏலம் விடுபவரின் கையைக் கொத்தியதில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் அக்காவின் கீரைக்கட்டைத் தூக்கிப் பிடித்தார். வெள்ளைப் பூக்கள் ஒவ்வோர் இலை மூலையிலும் தெளிவாகத் தெரிந்தன. முதல் விலையைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நர்சம்மா கையைத் தூக்கப் போனார்.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்த மூப்பர் சிரித்துக்கொண்டே, “பார்த்து எடுங்கம்மா” என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. எழுந்து முன்னால் போய், கட்டிலிருந்து ஒரு தண்டை உருவி அவர் முன்னால் நீட்டினேன். பூவைக் காட்டினேன், காம்பில்லை என்று காட்டினேன், இதுதான் பொன்னாங்கண்ணி என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். அத்தோடு உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும்.

மூப்பர் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. “மேடம், நீங்க படிச்சவங்க. இது பொன்னாங்கண்ணிதான், ஒத்துக்கறேன். ஆனா தேவனுடைய வீட்டு வாசல்ல நின்னு கேக்கறேன். உங்க அக்கா கழனியில அந்த இன்னொரு செடி இல்லவே இல்லைன்னு சொல்லுங்க பார்க்கலாம்.”

அக்கா என்னைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை. முந்தின நாள் பிடுங்கிப் போட்டதால் அது பொய்கூட இல்லை. ஆனால் நான் அப்படிச் சொல்லப் பழகியவள் இல்லை. எதை எங்கே பார்த்தேனோ அதை அங்கே பார்த்தேன் என்று சொல்லித்தான் பழக்கம்.

“இருந்தது” என்றேன். “கீழ்ப்பாத்தியில இருந்தது. நேத்து பிடுங்கிட்டோம். அது எங்கிருந்து வந்தது தெரியுமா?” என்று ஆரம்பித்து, ஏரியைச் சொன்னேன், டேங்கரைச் சொன்னேன், அவருடைய அபார்ட்மெண்ட் பெயரைச் சொன்னேன். உங்கள் வீட்டுக் கக்கூஸ் தண்ணீரில் கொழுத்த செடிதான் உங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். இத்தனை தெளிவாக நான் வகுப்பில்கூடப் பேசியதில்லை.

மூப்பர் கூட்டத்தைப் பார்த்து, “நான் அன்னைக்கே சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டேங்கரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. போதகர் தொண்டையைக் கனைத்தார். ஏலம் விடுபவர் கட்டைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார், விலையை இன்னொரு தரம் சொன்னார். நர்சம்மா மடியில் இருந்த வேதப் புத்தகத்தின் ஜிப்பை இழுத்து மூடினார். அவர் கை மேலே வரவில்லை.

“நான் எடுத்துக்கறேன்” என்று ஒரு குரல் கேட்டது. அக்கா. தன் காணிக்கையைத் தானே ஏலத்தில் எடுப்பதை எங்கள் சபையில் நான் பார்த்ததில்லை. ஏலம் விடுபவர் போதகரைப் பார்த்தார், போதகர் அடுத்து ஏலத்துக்கு வைத்திருந்த பூசணிக்காயைப் பார்த்தார். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை வைத்துவிட்டு, கட்டை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஆட்டோ ஸ்டாண்டுவரை அவள் பின்னாலேயே போனேன். அந்த ஆளை விடக் கூடாது, டேங்கர் மேல் புகார் கொடுக்க வேண்டும், ஏரியைப் போட்டோ பிடித்துப் பேப்பருக்குக் கொடுக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னதில் என்ன தப்பு, அவர்களுக்குக் காது இல்லை என்றால் நான் என்ன செய்வது என்றும் கேட்டேன். அக்கா ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, கட்டை மடியில் வைத்து, வாடிப்போன இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“அவரு சொன்னப்ப பாதி ஜனம் நம்பலடி” என்றாள். “நீ சொன்னே. எல்லாரும் நம்பிட்டாங்க.”